வெயிலின் மேல் பழி

"நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் தாங்காது, ஸார்!"

இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. சுவரில் விரிசல் கண்டால் கொத்தனார் இதைச் சொல்கிறார். புதுக் கதவு உப்பிக்கொண்டு சாத்த வராவிட்டால் தச்சர் சொல்கிறார். என்னுடைய நாவல் ஒன்றின் முதுகு, நாலாம் மாதமே விட்டுக்கொண்டு, பதினாறு பதினாறு பக்கமாக உதிர்ந்து விழுந்தபோது பைண்டு செய்தவரும் இதையேதான் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வெயிலைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அது ஒருபோதும் மறுத்துப் பேசாது. பழி போடுவதற்கு அதைவிட வசதியான ஆசாமி உண்டா?

போன மாதம் ஒரு மாதிரி விமானக் கடைக்காரரும் இதையே சொன்னார். அன்றைக்கு மட்டும் நான் தலையாட்டவில்லை. காரணம், அந்த வாக்கியத்தை நானே ஒரு தடவை, அதுவும் ஒரு குழந்தையின் எதிரில், வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் பிறகு கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறேன்.

கதை எழுதுகிறவனுக்கு மாதிரி விமானத்தில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்பது நியாயம். எல்லாம் எதிர்வீட்டுப் பெண்ணால் வந்தது. ஒன்பதாவது படிக்கிறாள், பள்ளிக்கூடத்தில் என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்து, விமானம் செய்யக் கற்றுக்கொண்டு வந்தாள். அவள் வீட்டில் இடம் இல்லை. என் வீட்டில் ஒரு பெரிய சாப்பாட்டு மேஜை இருக்கிறது, சாப்பிடுகிறவர்கள்தான் இல்லை. "தாத்தா, ஒரு வாரம் மட்டும் இந்த மேஜையைக் கொடுங்களேன்" என்று கேட்டாள். அது நடந்தது 2022-இல். மேஜை இன்னும் எனக்குத் திரும்பி வரவில்லை. நானும் அந்த மேஜையிலேயே மாட்டிக்கொண்டேன்.

மாதிரி விமானத்தின் இறக்கையைச் செய்வதற்குப் பல வழிகள் உண்டு. நாங்கள் செய்வது ஒரு வழி. தெர்மாகோல் கட்டியை நிக்ரோம் கம்பியால் அறுக்க வேண்டும். கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் சூடேறும். சூடான கம்பி தெர்மாகோலில் வெண்ணெயில் நூல் போவதுபோல் போகும். இரண்டு முனைகளிலும் இறக்கையின் குறுக்கு வடிவத்தை அட்டையில் வெட்டி ஒட்டிவைத்து, அதன் விளிம்போடு கம்பியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துச் செல்ல வேண்டும். இரண்டு பேருடைய கையும் ஒரே வேகத்தில் போகாவிட்டால் பள்ளமும் மேடும் விழும். (எங்கள் வீட்டில் முதல் நாள் விழுந்த பள்ளங்கள் எல்லாம் என் பக்கம்தான்.) அறுத்து எடுத்த இறக்கையை உள்ளங்கையில் வைத்தால் பாரமே தெரியாது. ஆனால் அதை அப்படியே பறக்கவிட்டால் வளைந்து முறிந்துவிடும். ஆகவே அதன் மேலும் கீழும் பால்சா என்ற மரத்தின் மெல்லிய தகட்டை ஒட்ட வேண்டும். ஒன்றரை மில்லி மீட்டர் கனம். கிட்டத்தட்ட தபால் உறையைப் போன்ற சமாசாரம். இந்தத் தோலைப் போர்த்தியதும் அந்தச் சோப்பு நுரை போன்ற வஸ்து இரும்புப் பட்டைபோல் விறைத்துக்கொள்கிறது. முதன்முறை கையில் எடுத்து முறுக்கிப் பார்த்தபோது எனக்கு மந்திரவாதம் போல்தான் இருந்தது.

மந்திரவாதம் ஒன்றும் இல்லை. விமானம் மேலே எழும்போது இறக்கையின் நுனிகள் மேல்நோக்கி வளையப் பார்க்கின்றன. அப்போது கீழ்த்தோல் இழுபடுகிறது, மேல்தோல் நெருக்கப்படுகிறது. ஒரு தபால் கார்டை இரு முனையிலும் பிடித்து இழுத்துப் பாருங்கள், எளிதில் கிழியாது. அதே கார்டை இரு முனையிலிருந்தும் நெருக்குங்கள், உடனே நடுவில் கூன் போடும். மேல்தோலுக்கு வருகிற ஆபத்து அந்தக் கூன்தான். கூன் போடவிடாமல் அதை அங்குலத்துக்கு அங்குலம் பிடித்துக்கொண்டிருப்பது உள்ளே இருக்கும் தெர்மாகோல். தெர்மாகோலுக்குக் கை கொடுத்திருப்பது பசை. ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பசை பிடிக்காவிட்டால், அந்த இடத்தில் தோல் வெறும் தபால் கார்டு.

அந்தப் பசைக் கதையைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். என் வழக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

செருப்புத் தைக்கிறவர்கள் வைத்திருக்கும் மஞ்சள் பசையைத் தொடவே கூடாது. அதில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். இரண்டு நிமிஷத்தில் இறக்கையின் நடுவில் எலி கடித்த மாதிரிக் குழி விழுந்திருக்கும். உடனே ஒட்டுகிற சொட்டுப் பசைகளிலும் பெரும்பாலானவை அப்படித்தான். தச்சர்களின் வெள்ளைப் பசை தெர்மாகோலை ஒன்றும் செய்யாது. ஆனால் அது காய வேண்டுமானால் அதிலுள்ள தண்ணீர் வெளியேற வேண்டும். ஒரு பக்கம் தெர்மாகோல், ஒரு பக்கம் பலகை. தண்ணீர் எங்கே போகும்? பலகைக்குள் ஏறி அதை ஊதவைத்து முறுக்கும். நடுப் பாகம் நாள் கணக்கில் பச்சையாகவே கிடக்கும். பாலியூரிதேன் பசை என்று ஒன்று உண்டு. அதன் குணம் நேர்விரோதம். அது ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும். இறுகும்போது நுரைத்துப் பொங்கும். மேலே பாரம் வைத்து அமுக்காவிட்டால் பொங்குகிற பசையே தோலைத் தூக்கிவிடும்.

கடைசியில் எல்லோரும் வந்து சேருவது எபாக்சியிடம். இரண்டு திரவம், கலந்த நிமிஷத்திலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. அதைத் தெர்மாகோலின் மேல் தடவக் கூடாது, பலகையின் மேல்தான் தடவ வேண்டும். தெர்மாகோலின் மணிகளுக்கு நடுவே இருக்கும் சந்துகள் பசையைக் குடித்துவிடும், எடைதான் ஏறும். பலகையில் தடவி, பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் வழித்து வழித்து எடுக்க வேண்டும். மரம் ஈரமாகத் தெரிய வேண்டும். பசை தேங்கித் தெரியக் கூடாது. பிறகு இறக்கையின் மேல் வைத்து, அறுத்தபோது மிஞ்சிய மேல் துண்டு கீழ்த் துண்டு இரண்டுக்கும் நடுவே அதைப் படுக்கப்போட வேண்டும். நாங்கள் அவற்றைத் தொட்டில் என்று சொல்வோம். சமமான மேஜையில் தொட்டிலை வைத்து மேலே பாரம் ஏற்ற வேண்டும். எங்கள் வீட்டில் பாரத்துக்குப் பஞ்சமில்லை. விற்காத பிரதிகள் இரண்டு அலமாரி இருக்கின்றன. ராத்திரி முழுவதும் அசையக் கூடாது.

இத்தனைக்கும் முன்னால் பலகை தேர்ந்தெடுப்பது என்று ஒன்று இருக்கிறது. மூன்று அங்குல, நாலு அங்குல அகலத் தகடுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒரே விரிப்பாக்க வேண்டும். உப்புத்தாள் போடுவதை முதலிலேயே முடித்துவிட வேண்டும். ஒட்டிய பிறகு தேய்த்தால் கீழே இருக்கும் தெர்மாகோல் இடங்கொடுத்து, சில இடத்தில் தோல் காகிதமாகிவிடும். மரத்தை அறுத்த வாக்குக்கூட முக்கியம். ஒருவிதமாக அறுத்த தகடு வளைந்து கொடுக்கும். இறக்கையின் முன் விளிம்பில் சுற்றி வரும். இன்னொரு விதமாக அறுத்தது மினுமினுவென்று புள்ளி போட்டு அழகாக இருக்கும், வளைத்தால் படீரென்று பிளக்கும். எதிர்வீட்டுப் பெண் தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவாள். நான் அழகைப் பார்த்து ஏமாந்து இரண்டு தகடுகளைப் பிளந்தேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். 2023 மே மாதம். ஐந்தடி இறக்கை, வலது பாதி அவள் ஒட்டியது, இடது பாதி நான் ஒட்டியது. நடுவில் இரண்டையும் சேர்த்திருந்தோம். செங்கற்பட்டுக்கு அப்பால் வறண்டு கிடந்த ஓர் ஏரிப் படுகைக்குப் போனோம். தாம்பரத்திலிருந்து ஒரு நண்பரும் வந்திருந்தார். விமானப் படையில் கருவி பழுது பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அளந்து பேசுகிறவர். முதல் இரண்டு சுற்று பிரமாதமாகப் போயிற்று. மூன்றாவது சுற்றில் அவள் விமானத்தைக் கொஞ்சம் கீழ்நோக்கிப் பாயவிட்டு மேலே இழுத்தாள். டப் என்று சத்தம். இடது இறக்கை மேல்நோக்கி மடிந்தது. மிச்சம் இருந்த இரண்டு கிலோ, மோட்டாரும் பாட்டரியுமாக, கல் விழுவதுபோல் விழுந்தது.

அது விழுந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி ஆடு மேய்க்கிற பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். நாங்கள் ஆரம்பித்தபோது அவன் அங்கே இல்லை. எப்போது வந்தான் என்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. விமானத்தின் மூக்கு சேற்று வெடிப்பில் முழங்கை ஆழத்துக்கு இறங்கியிருந்தது. பையன் சிரித்துக்கொண்டே அதைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது எனக்குக் கால் நடுங்கியது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன். "நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் தாங்காதும்மா" என்றேன்.

அந்தப் பெண் உடைந்த இறக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வலது பக்கம் முழுசா இருக்கே தாத்தா, அதுக்கு வெயில் அடிக்கலையா?" என்று கேட்டாள். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே சந்தேகம்.

தாம்பரத்து நண்பர் குனிந்து என் பக்கத்து மேல்தோலை எடுத்தார். வாழைப்பழத் தோல்போல் நீளமாக உரிந்து வந்திருந்தது. அதன் உட்புறத்தைக் காட்டினார். கண்ணாடிபோல் பளபளவென்று காய்ந்த பசை. அதில் ஒரு தெர்மாகோல் மணிகூட ஒட்டியிருக்கவில்லை. பிறகு அவள் பக்கத்தில் பேனாக்கத்தியால் ஒரு மூலையைக் கிளப்பிப் பிய்த்தார். பலகையோடு தெர்மாகோல் பிய்ந்துகொண்டு வந்தது. உட்புறம் முழுவதும் வெள்ளை மணிகள். நல்ல ஒட்டு என்றால் பசை விடாது, பக்கத்தில் இருக்கும் தெர்மாகோல்தான் கிழியும். என் பக்கத்தில் எதுவும் கிழியவில்லை. அது ஒட்டவே இல்லை. கூட இருந்தது, அவ்வளவுதான்.

"பசை கலந்து எவ்வளவு நேரம் கழிச்சுத் தடவினீங்க, ஸார்?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு அது தெரியும். அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே தெரியும். இறக்கை மடிந்த அந்த க்ஷணத்திலேயே தெரியும். மத்தியானம் இரண்டு மணிக்கு, மேஜைப் பக்கத்து உஷ்ணமானி 37 டிகிரி காட்டிக்கொண்டிருந்தபோது, மொத்தப் பசையையும் ஒரே கிண்ணத்தில் கலந்தேன். அப்போது ஒரு பத்திரிகை ஆபீஸிலிருந்து டெலிபோன். தொடர்கதையில் ஒரு பெயர் இரண்டு விதமாக வந்திருக்கிறதாம். பேசிவிட்டு வந்தபோது கிண்ணம் கையில் சுட்டது. பசை பாகுபதம் தாண்டிக் கம்பி இழுத்தது. கீழே கொட்டிவிட்டு மறுபடி கலந்திருக்க வேண்டும். கொட்ட மனம் வரவில்லை. அட்டையால் அழுத்தி இழுத்துத் தடவி, தோலை வைத்து, மேலே என் நாவல்களை அடுக்கிவிட்டேன். மூடிய பிறகு யாருக்குத் தெரியப்போகிறது? வெளியே பார்த்தால் இரண்டு பாதியும் ஒரே மாதிரி. சொல்லப்போனால் என் பாதி இன்னும் கொஞ்சம் வழவழப்பு.

எதிர்வீட்டுப் பெண் அவள் பக்கத்தைக் காலை ஐந்தரை மணிக்கு எழுந்துவந்து ஒட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, கலந்த உடனே கிண்ணத்திலிருந்து பலகையில் ஊற்றிப் பரப்பினாள். கிண்ணத்தில் கும்பலாகக் கிடக்கும் எபாக்சி தன் சூட்டிலேயே தான் வேகும். பரப்பிவிட்டால் ஆறிக்கொண்டு அதிக நேரம் தாக்குப்பிடிக்கும். இது அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது.

"சரி ஐயா, வெயில் பசையைச் சீக்கிரம் இறுக்கிவிட்டது வாஸ்தவம்தானே? அப்படியானால் வெயிலுக்கும் பங்கு உண்டல்லவா?" என்று கடைக்காரர் கேட்கலாம். கேட்கவும் செய்தார். நான் மறுக்கவில்லை. பத்து டிகிரி ஏறினால் இந்த மாதிரிப் பசைகள் சுமார் இரண்டு பங்கு வேகத்தில் இறுகும் என்பது பொதுக் கணக்கு. டப்பாவில் போட்டிருக்கும் முப்பது நிமிஷம் குளிர்ந்த அறைக்குச் சொன்னது. ஆனால் மே மாதத்துச் சென்னை வெயில் என்ன, திருடனைப்போல் ராத்திரியில் சுவரேறிக் குதித்தா வந்தது? பஞ்சாங்கம் சொல்லுகிறது, பத்திரிகை சொல்லுகிறது, என் முதுகு சொல்லுகிறது. சொல்லிவிட்டு வருகிறவனை எப்படிக் குற்றவாளியாக்குவது? மூடிய காருக்குள் கறுப்பு உறை போட்ட இறக்கையை மத்தியானம் முழுவதும் வைத்தால் தோல் கொப்புளம் போடும். அதுவும் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் வைத்துவிட்டு, "நம்ம ஊர் வெயில்" என்று ஆரம்பித்தால்?

இந்தப் பழி போடுகிற வழக்கம் பொம்மை விமானத்தோடு நின்றுவிடவில்லை. மனிதர்கள் ஏறிப் போகிற விமானத்திலேயே நடந்திருக்கிறது. அதில் பழி சுமந்தது சாக்ஷாத் நம் தேசத்து மழையும் வெயிலும்தான்.

இரண்டாவது உலக மகா யுத்தத்தில் இங்கிலாந்தில் மாஸ்கிட்டோ என்று ஒரு விமானம் செய்தார்கள். கொசு என்று பெயர் வைத்த இந்த விமானத்தை உலோகத்தால் செய்யவில்லை, மரத்தால் செய்தார்கள். 1940 நவம்பரில் முதல் தடவை பறந்தது. அதன் உடல் எங்கள் இறக்கையைத் திருப்பிப் போட்டது போன்றது. எங்களுக்குப் பால்சா வெளியே. அதற்குப் பால்சா உள்ளே, இருபுறமும் பிர்ச் மரத்தின் ஒட்டுப்பலகை. இடது பாதி ஒன்று, வலது பாதி ஒன்று செய்து நடுவில் ஒட்டிச் சேர்ப்பார்கள். இறக்கையும் மரந்தான். நாற்காலி, பீரோ செய்துகொண்டிருந்த தச்சுப் பட்டறைகள் எல்லாம் இந்த வேலையில் இறங்கின. மொத்தம் 7,700-க்கு மேல் செய்தார்கள். அந்தக் காலத்தின் மிக வேகமான விமானங்களில் ஒன்று. மரத்தை யாரும் ஏளனம் செய்ய இடம் வைக்கவில்லை.

1944-இன் பிற்பகுதியில் இந்தியா–பர்மா பக்கத்தில் இருந்த மாஸ்கிட்டோக்களில் சில விபத்துக்குள்ளாயின. இறக்கையின் மேல்தோல், உள்ளே இருக்கும் பிரதான உத்தரத்திலிருந்து கிளம்பிக்கொள்கிறது என்று கண்டார்கள். உடனே என்ன சொன்னார்கள்? வெயில் சொன்னார்கள், மழை சொன்னார்கள். பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசை உஷ்ணத்திலும் பருவ மழையிலும் கெட்டுப்போயிற்று என்றார்கள். செய்த கம்பெனியின் சார்பில் ஹியர்வார்ட் டி ஹாவிலண்ட் ஒரு குழுவோடு இந்தியாவுக்கு வந்து பார்த்தார். அந்த டிசம்பரில் கொடுத்த அறிக்கையில், பசை கெடவில்லை, மழைக்காலத்து ஈரத்தில் மரம் சுருங்கியதுதான் காரணம் என்று முடிவு சொன்னார்கள். பழி பசையிடமிருந்து நகர்ந்ததே தவிர, நம் வானத்தைவிட்டு நகரவில்லை.

பிற்பாடு வேறு நிபுணர்கள் விசாரித்தார்கள். இங்கிலாந்தில் டெஃபர்ட் என்ற இடத்திலும் விமான உற்பத்தி இலாகா ஒரு குழுவை வைத்துப் பார்த்தது. ஆறு வகை மாஸ்கிட்டோக்களில் அதே மாதிரிக் குறைகள். அவற்றில் ஒன்றுகூடப் பருவ மழையில் நனைந்ததில்லை. ஒன்றையும் கறையான் தொட்டதில்லை. எல்லாம் ஹாட்ஃபீல்ட், லீவ்ஸ்டன் என்ற இரண்டே தொழிற்சாலைகளில் செய்தவை. ஒட்டு வேலை திருப்திகரமாக இல்லை, குறை செய்த இடத்திலேயே இருக்கிறது என்று எழுதினார்கள். எதிர்வீட்டுப் பெண் கேட்ட கேள்வியைத்தான் அவர்களும் கேட்டிருக்கிறார்கள். இறக்கையில் அந்த இணைப்பு நெடுகிலும் ஓர் ஒட்டுப்பலகைப் பட்டை போட்டு அடைத்தது பரிகாரம்.

யுத்த அவசரம், தேர்ச்சியில்லாத புதுக் கைகள், நாளைக்கு இத்தனை என்ற கணக்கு. தொழிற்சாலையில் இருந்தவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. டெலிபோன் மணி அடித்ததற்கே நான் தவறினேன். என் கோபம் எல்லாம் முதலில் வாயில் வந்த அந்தச் சமாதானத்தின் மேல்தான். அந்தச் சமாதானத்தை ஏற்றுக்கொண்டு விசாரணையை மூடியிருந்தால், அதே மாதிரி ஒட்டிய இறக்கையில் இன்னும் எத்தனை பையன்கள் ஏறிப் போயிருப்பார்கள்?

வெயில் அகப்படாவிட்டால் மரம் இருக்கிறது. "பால்சா வெறும் சக்கை ஸார்" என்கிறார் கடைக்காரர். சக்கைதான். தென்னமெரிக்காவில், முக்கியமாக எக்வடாரில் விளைகிறது. ஐந்தாறு வருஷத்தில் வெட்டுக்கு வந்துவிடும். தக்கையைவிட லேசாகக்கூடக் கிடைக்கும். 1947-இல் தோர் ஹெயர்தால் என்ற நார்வேக்காரர் ஒன்பது பால்சாக் கட்டைகளைக் கயிற்றால் கட்டி, கோன்-டிக்கி என்று பெயர் வைத்து, பெருவிலிருந்து பசிபிக் சமுத்திரத்தில் புறப்பட்டார். கட்டை தண்ணீரை உறிஞ்சி முழுகும், கயிறு உராய்ந்து அறும் என்று விஷயம் தெரிந்தவர்கள் எச்சரித்தார்கள். பச்சை மரமாக வெட்டியதால் உள்ளிருந்த சாறு தண்ணீரை உள்ளே விடவில்லை. மரம் மிருதுவாக இருந்ததால் கயிறு அதற்குள்ளேயே அழுந்திப் பத்திரமாக உட்கார்ந்துகொண்டது. 101 நாள் மிதந்து பாலினேஷியத் தீவுக் கூட்டத்தில் கரை ஏறினார்கள். எது குறை என்று சொன்னார்களோ அதுவே கயிற்றைக் காப்பாற்றியது.

இந்த மரத்துக்காக 2019, 2020-இல் ஒரு வேட்டையே நடந்தது. காற்றாலைகளின் பிரம்மாண்டமான இறக்கைகளுக்குள்ளும் பால்சாதான்; கண்ணாடி நாரின் நடுவே வைத்து ஒட்டுகிறார்கள். சீனாவில் காற்றாலைகள் மளமளவென்று எழும்பவே, எக்வடாரின் அமேசான் ஆற்றுத் தீவுகளில் தானாக முளைத்த மரங்களைக்கூட, அங்கே வாழும் பழங்குடிகளின் நிலத்தில் புகுந்து வெட்டினார்கள். விலை ஏறியது, மாதிரி விமானக்காரர்களுக்குத் தகடு கிடைப்பது குதிரைக் கொம்பாயிற்று. அப்படி வந்த தகட்டில் காலாவதியான பசையைத் தடவி, ஏரியில் போட்டு உடைத்து, "சக்கை மரம்" என்று வேறு சொல்வதா?

இன்னொரு கட்சியும் உண்டு. அவர்கள் வெயிலைத் திட்டுவதில்லை. அதற்குப் பதில் பசையைக் கொட்டுகிறார்கள். "இரண்டு கை அதிகமாகவே போடு, கல்லாட்டம் நிற்கும்" என்பது அவர்கள் வேதம். கணக்குப் பார்ப்போம். ஐந்தடி நீளம், பத்து அங்குல அகலம் உள்ள இறக்கையில் மேலும் கீழும் சேர்த்து 1,200 சதுர அங்குலத் தோல். அதற்குப் பால்சா சுமார் 150 கிராம். உள்ளே இருக்கும் தெர்மாகோல் 130 கிராம் இருக்கலாம். பசையை அட்டையால் நன்றாக வழித்தால் 40 கிராமில் முடிந்துவிடும். கொட்டினால் அதுவே 150 கிராம். அதாவது மரத்தின் எடைக்குப் பசை! அத்தனையும் பலம் சேர்க்குமா என்றால் இல்லை. தெர்மாகோலே முதலில் கிழியும் என்று பார்த்தோமே, அதற்கு மேல் பசைக்கு என்ன வேலை? எடை ஏறிய விமானம் வேகமாகப் பறக்க வேண்டும், வேகமாகவே இறங்க வேண்டும். விழுந்தால் பலமாக விழும். இந்தத் தாராளமும் பயத்தில் பிறந்ததுதான். எங்கே பிடித்திருக்கிறது, எங்கே பிடிக்கவில்லை என்று பார்க்கச் சோம்பல். ஆகவே எல்லா இடத்திலும் ஊற்றிவிடுவது.

கடைக்காரருக்கு நான் அநியாயம் செய்யக் கூடாது. அவர் விற்பது அச்சில் வார்த்து வரும் நுரை விமானங்கள். பெட்டியைத் திறந்து நாலு திருகு முடுக்கினால் பறக்கும். அவை நன்றாகவே பறக்கின்றன. வாங்கிப் பறக்கவிடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் காலி மேஜை கிடைக்குமா? "இது சுலபம், வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அவர் சொன்னால் நானே ஒன்று வாங்கியிருப்பேன். "கையால் ஒட்டுகிறதெல்லாம் நம்ம ஊருக்கு ஆகாது" என்றாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நம்ம ஊருக்கு ஆகாதது எதுவும் இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு ஆகாது. ஒரே கிண்ணத்தில் கலந்தால் ஆகாது. டெலிபோன் பேசிவிட்டு வந்தால் ஆகாது. இதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டச் சொன்னேன். சிரித்தார்.

ஏரியிலிருந்து திரும்புகிற வழியில் யாரும் பேசவில்லை. மறைமலைநகர் தாண்டியதும் நான் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன்: டெலிபோன், கிண்ணம் சுட்டது, தெரிந்தே தடவியது எல்லாவற்றையும். அவள் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பையன் மேல விழுந்திருந்தா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தாம்பரத்து நண்பர் முன் ஸீட்டில் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அடுத்த இறக்கையை ஜூலையில் ஆரம்பித்தோம். காலை ஐந்தரை மணி. டெலிபோன் பக்கத்து அறையில். தோலை மூடுவதற்கு முன்னால் அவள் ஒரு பென்சிலை எடுத்து, பலகையின் உட்புறத்தில், பசை படாத ஓர் ஓரமாக, ஏதோ பொடியாக எழுதினாள். என்னவென்று குனிந்து பார்த்தேன். தேதி, உஷ்ணம் 28, கலந்தது 5-40, தடவி முடித்தது 5-49, கீழே அவளுடைய பெயரின் முதல் எழுத்து. மூடிய பிறகு அதை யாரும் படிக்க முடியாது. இறக்கை உடைந்தால்தான் படிக்க முடியும்.

பிறகு பென்சிலை என் பக்கம் நீட்டினாள். "உங்க பக்கத்துக்கு நீங்க எழுதுங்க தாத்தா."

மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன்.